உப்பில்லாத ஏழு நாள்

ஓடும்போது கெண்டைச்சதை ஏன் கல்லாக இறுகுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் கேட்டிருக்கிறேன். ஒன்று டாக்டர் சொன்னது. மற்றது என் மாமன் மகள் சொன்னது. இரண்டாவதுதான் இன்னும் வலிக்கிறது.

எழுபதுகளின் நடுவில், எருத்தேன்பதியில், பட்டம் வாங்கிவிட்டுக் கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கார் வேலை கிடைத்தால்தான் பெண் என்று மாமன் சொல்லிவிட்டார். வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் ஓட்டம் மட்டும். மைதானத்தை நான்கு சுற்று. தடித்த புத்தகமும் மண்வெட்டியும் தூக்குவதைத் தவிர வேறு பயிற்சி அறியாத உடம்பு.

அவள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

"ஏழு நாளைக்கு ரெண்டு பேரும் உப்பு சேத்தக்கூடாதுங்க மாமா."

"ஓடறது நானு. நீ எதுக்கு?"

"வேல கெடச்சா உங்களுக்கு மட்டுந்தானுங்களா?"

அவள் உப்பில்லாத கம்மஞ்சோறு தின்றாள். நான் மூன்றாம் நாளே டீக்கடையில் உளுந்துவடை தின்றேன். நான்காம் நாளும்.

அகளி மைதானத்தில் ஓட்டம். மாமன் வேலியோரம் நின்றார். அவர் பார்க்கிறாரே என்று முதல் சுற்றிலேயே பஸ்ஸைத் துரத்துகிறவன்போல ஓடினேன். மூன்றாம் சுற்றில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. விழுந்தேன். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள்.

மாமன் வந்து என் பாதத்தை மேலே மடக்கி, சதையை நீவிவிட்டார்.

"காட்டுல பன்னி முடுக்கறப்பக்கூட இதவிட நல்லா ஓடுவீங்களே மாப்ள" என்றார். அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

உடும்பஞ்சோலை ஏலக்காய் வியாபாரிக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள்.

"நாந்தானுங்க கெடுத்தேன். அஞ்சாம் நாளு, கொழம்புல உப்புப் பாக்கறக்கு நாக்குல வெச்சுட்டனுங்க. துப்பிட்டேன். ஆனா ஆத்தா உங்க காலப் புடிச்சுட்டா."

வடை என்ற ஒரு சொல் போதும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உடு" என்றேன், பெருந்தன்மையாக மன்னிக்கிறவன்போல. அவள் அழுதுகொண்டே போனாள்.

பல வருடம் கழித்து டாக்டர் விளக்கினார். பழகாத சதையை விரட்டினால் அது களைத்துப்போகும். 'இறுக்கு' என்கிற நரம்பின் கட்டளை ஓயாது, 'தளர்த்து' என்பது எடுபடாது. வேர்வையில் போகிற உப்புக்கும் பங்குண்டு என்பார்களாம் சிலர்.

"அப்ப உப்புக் கம்மியா சாப்பிட்டீங்களா?"

"இல்லை, வேண்டிய மட்டும்" என்றேன். நான் உண்மையைச் சொன்னது அவர் ஒருவரிடம்தான்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

"எங்க ஊட்டுக்காரி கொழம்ப ருசி பாக்கவே மாட்டா. ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்புன்னு இருக்கும். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.