கழிமுகத்தாரின் பேச்சு

நான் ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறேன், இல்லாத ஒரு நாட்டுக்கு. சொற்களும் இலக்கணமும் எப்போதோ முடிந்துவிட்டன. அந்த நாட்டின் கழிமுகத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வட்டார வழக்கு மட்டும் கைகூடவில்லை. எந்த ஒலி எதுவாகத் திரியவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் பொம்மைக் கல்யாணமாக இருந்தது. அப்போதுதான் தலத்தெருவில் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது.

அண்ணன் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். ஞாயிறு பூசையில் அவர் குரலுக்காகவே முன்வரிசையில் உட்காருகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் எனக்கு ழகரம் வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் என்னை ‘வாழைப்பழம்’ சொல்ல வைத்துச் சிரிப்பார். இப்போது அவருக்கே வரவில்லை. ரகரம், ழகரம், ளகரம் எல்லாம் யகரமாயின. சொல்லின் முதலில் நின்ற ககரம் உதிர்ந்தது. கடவுள் ‘அடவுய்’ ஆனார். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காத விதி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

தினமும் மாலையில் போய் அவரைப் பேச வைத்தேன். “தங்கச்சின்னா இப்படில்ல இருக்கணும்” என்று அண்ணி காப்பி கொடுப்பார்கள். அவர் வாயில் கண்ட விதிகளைக் கழிமுகத்தாருக்குக் கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் பேசுவதில் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை.

ஒருநாள், மறுபடி கோயிலில் வாசிக்கவேண்டும் என்றார். “வேணாங்க, யாருக்கும் வெளங்காது” என்று அண்ணி கெஞ்சினார்கள். அவர் என் பக்கம் திரும்பி ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்.

“தெயிவா இயுக்கா?”

“தெளிவா இருக்குண்ணே.”

அது பொய் இல்லை. ஊருக்கு விளங்குமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடம் நானே போய்ப் பேசி அனுமதியும் வாங்கினேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வெள்ளைச் சட்டையில் மைக் முன்னால் நின்று கடைசி வரி வரை வாசித்தார். முதலில் பிள்ளைகள் சிரித்தன. தாய்மார்கள் அவற்றின் வாயைப் பொத்தினார்கள். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ என்று வாசகர் முடித்ததும் சபை பதில் சொல்லவேண்டும். அண்ணன் முடித்தார். முடித்துவிட்டார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. வாசக மேடையைப் பிடித்தபடி காத்து நின்றார். மறுபடி சொன்னார்.

“இறைவா, உமக்கு நன்றி.” அத்தனை பெரிய கோயிலில் என் குரல் ஒன்றுதான் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.