வாலுக்குப் பின்னால்

நான் வம்பு பேசுகிறவள் என்பது தெருவுக்கே தெரியும். மறுக்கவில்லை. ஆனால் வம்பு வேறு, பொய் வேறு. நடந்ததைக் கொஞ்சம் ருசி சேர்த்துச் சொன்னால் அது வம்பு. இதில் சேர்க்க ருசியே இல்லை. எழுத உட்காரும் முன் இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்தேன், அவ்வளவு அருவருப்பு.

எங்கள் பகுதியில் ஒரு சைக்கிள் கிளப் உண்டு. பந்தயம் கிந்தயம் எல்லாம் இல்லை. ஞாயிறு விடியுமுன் கிளம்பி, கல்குவாரி மேட்டைத் தாண்டி டீக்கடை வரை போய்த் திரும்புவோம். தொப்பை குறைக்க வந்தவர்கள் பாதி, வீட்டிலிருந்து தப்பிக்க வந்தவர்கள் பாதி. யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்துகொள்ள வந்தவள் நான் ஒருத்திதான்.

அங்கே கண்டிப்பான ஒரு வழக்கம். எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வரவேண்டும். அவர்தான் 'வால்'. யாரையும் முந்தக்கூடாது. மேட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட வேண்டும். வால் வந்து சேரும்வரை யாரும் டீயைத் தொடக்கூடாது. பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தவர் என் எதிர்வீட்டுக்காரர். வால் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். தங்கமான மனிதர் என்பார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தும். வெயிலடித்தாலும் அவர் சட்டையின் முதுகு ஈரமாகவே இருக்கும். அதில் ஒரு நாற்றம். துவைத்துக் கொடியில் போட்ட பிறகும் நாறும்.

"முட்டி போயிடுச்சும்மா," என்றார் ஒருநாள். "இந்த வாரம் நீ வாலா வரியா?"

"எனக்குப் பஞ்சர்கூட ஒட்டத் தெரியாதே, அண்ணே."

"அதெல்லாம் வேணாம். கடைசியா வந்தா போதும்."

பின்னால் போனால் முன்னால் போகிற அத்தனை பேரையும் பார்க்கலாமே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அன்று எனக்கு முன்னால் தையல்கார அக்கா. சர்க்கரை வியாதியில் கால் மரத்துக்கொண்டு வந்தது. கால் போனால் அவருக்குப் பிழைப்பு போச்சு. காலால் மிதித்து ஓட்டும் மெஷின்தான் அவரிடம் இருந்தது. சைக்கிள் மிதித்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதடி. இருட்டுன்னா எனக்கு ஆகாது."

"வால் எங்கக்கா போகும்? உன் பின்னாடிதான் வரணும்."

மேட்டடிக்கு வந்தபோது மணி ஐந்தே கால். பனி. மற்றவர்களின் சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்துவிட்டன.

டிக்... டிக்... டிக்...

மிதிக்காமல் உருட்டும்போது பின்சக்கரம் போடுகிற சத்தம். என்னுடையது என்று நினைத்தேன். ஆனால் நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

மேட்டில் ஏறும்போது யார் உருட்டுவார்கள்?

அப்புறம் நாற்றம் வந்தது. வாளியில் பல நாள் ஊறிக் கிடந்த தரைத்துணி... அதற்குள் செத்த எலி... அப்படி.

என் முதுகில் ஒரு கை பதிந்தது.

குளிர்ந்த கை. ஊறி உப்பிய தோல். அழுத்தியபோது கொழகொழவென்று ஏதோ கசிந்து இடுப்பு வரை வழிந்தது.

சைக்கிள் தானாக மேலேறியது.

வாயில் புளித்த தண்ணீர்...

விழுங்கினேன்.

மிதித்தேன்.

அக்காவை முந்தினேன்.

"ஏண்டி, எங்கடி போற?"

நான் திரும்பவில்லை.

டீக்கடையில் எல்லோரும் என் பின்னால் பார்த்தார்கள். "வால் முன்னாடி வந்தா, அந்தம்மா எங்க?" என்றார் ஒருவர். அவர் பார்வையில் இருந்ததும் அருவருப்புதான். இரண்டு பேர் சைக்கிளைத் திருப்பினார்கள். அதற்குள் அக்காவே வந்துவிட்டார். மூச்சிரைப்புகூட இல்லை.

"நீ ஓடினா என்ன, அண்ணன் வந்துட்டாரு. மேடே தெரியல. கைதான் ஒரே நாத்தம்."

"எந்த அண்ணன்?"

"வால் அண்ணன்தான். வேற யாரு முதுகுல கை வெப்பாங்க?"

"திரும்பிப் பாத்தியா?"

"எதுக்கு?"

அக்காவின் முதுகில் ஐந்து விரல் ஈரம். மஞ்சளாக, சளி மாதிரி.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். கொல்லையில் அண்ணி அண்ணனின் சட்டைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணன் காலைல வெளிய போனாரா, அண்ணி?"

"எங்க போறது? குப்புறப் படுத்தே கிடந்தாரு. அஞ்சரை மணி இருக்கும். முதுகு காய ஆரம்பிச்சுது. பதினெட்டு வருஷமா காயாத இடம்மா. ஒரு நாள் பக்கத்துல படுத்ததில்ல நான்."

உள்ளே கட்டிலில் அண்ணன். வெறும் முதுகு. நடுவில் கை அளவுக்குச் சாம்பல் நிறத் தழும்பு, காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவர் திரும்பவில்லை.

"உன் முதுகுல இல்லையா?"

"இல்ல."

"யாருன்னு சொல்லாத. எனக்குத் தெரிய வேணாம்."

தங்கமான மனிதர். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை தையல் கடைக்குப் போனேன். தெருமுனையிலேயே நாற்றம் வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். முதுகில் ரவிக்கை ஒட்டிக் கிடந்தது.

"கால் எப்படிக்கா இருக்கு?"

"அதைப் பத்தி இனிமே என்னடி கவலை? ஞாயித்துக்கிழமை நான்தான் வால். கேட்டு வாங்கிட்டேன்."

மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு காலையும் ஸ்டூலின் மேல் மடித்து வைத்திருந்தார்.