சர்க்கார் ஓலை

ஜெபதாஸிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் ஒரகடம் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் வாசலில் அவர் செக்யூரிட்டி. மேனேஜர் காரே ஆனாலும் டிக்கியைத் திறந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த யூனிஃபாரத்தைக் கழற்றி வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டால் சபையின் உபதேசியார். அது சம்பளமில்லாத வேலை. ஆனால் மனிதருக்கு நெஞ்சு நிமிர்வது அதில்தான்.

அதிலும் ஓலை வாசிக்கிற அன்று அவரைப் பார்க்க வேண்டும். சபையில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு எல்லோர் முன்னாலும் வாசிப்பது வழக்கம். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் முன்வந்து சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். ஜெபதாஸ் அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு சுற்று பார்ப்பார். யாரும் வாய் திறந்ததில்லை. ஒருமுறை பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்ததற்கே மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் வெளிறிவிட்டது.

சபையில் அடங்காத பிரசங்கம் கம்பெனி கேட்டில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாராயக் கடையைத் திறக்கக் கூடாது, தாலி கட்டாமல் ஒரே ரூமில் தங்கும் பிள்ளைகளுக்கு வீடு விடுகிறவன்மேல் கேஸ் போட வேண்டும் என்று ஒரு சட்டசபைக்கு வேண்டிய சரக்கு அவரிடம் இருந்தது.

"சட்டத்துக்கு தேவ பயம் வேணும்டா" என்பார்.

கூட நிற்கும் செக்யூரிட்டி தணிகாசலம் கேட்பான்: "எந்த சாமியோட பயம்ணா? உன்னுதா, என்னுதா?"

"எல்லா சாமியும் ஒண்ணுதான் சொல்லுது. பொய் சொல்லாத. ஒளிஞ்சிகினு எதையும் பண்ணாத. அத்த சட்டமா போட்டா இன்னா கெட்டுப் பூடும்?"

ஜெபதாஸ் அன்றும் ஜெயித்துவிட்டு டீ குடிப்பார்.

இப்படிப்பட்டவரின் மகள் ஜாய், செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவள், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பையன் பெயர் நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கம். அவள் லைனிலேயே டெக்னீஷியன். சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் நாலு பேரோடு ரூம் எடுத்திருக்கிறான். வேதக்காரன் இல்லை, இந்து.

அம்மா அன்னபுஷ்பம் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜெபதாஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஒரு வாரம் மகளிடம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் கேட்டில் பிரசங்கமும் இல்லை.

அவரை மாற்றியது அந்தப் பையன்தான். தானே வீட்டுக்கு வந்தான். சபையில் கல்யாணம் என்றால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று ஜெபதாஸ் விறைப்பாகச் சொன்னபோது தலையைக் குனிந்தபடி பதில் சொன்னான்.

"தலையில தண்ணி ஊத்திக்கிடுதது எனக்குப் பெரிய காரியமில்ல மாமா. மனசுல இல்லாம ஊத்திக்கிட்டா, அது உங்க சாமிக்கும் பொய், எங்க சாமிக்கும் பொய்லா?"

ஜெபதாஸுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மகளுக்காகப் பொய் சொல்லவும் தயாராக ஒருவன் வருவான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அன்று இரண்டாவது முறை காப்பி போடச் சொன்னார்.

சபையின் போதகர் டெனிசனும் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். "சர்க்கார் சட்டம் இதுக்கு இடம் குடுக்குது உபதேசியாரே. சபைச் சட்டம் குடுக்கல. நான் நடத்தி வெச்சா நாளைக்கு நான் இங்க இருக்க முடியாது. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். சட்டம் சபையைப் போல இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் வாதாடிய மனிதர், சபை கொஞ்சம் சட்டத்தைப் போல இருந்தால்தான் என்ன என்று அன்று முதல்முறையாக நினைத்தார். நினைத்ததற்கு உடனே ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

தணிகாசலம் சுலபமான வழி ஒன்று வைத்திருந்தான். "வல்லக்கோட்டைக்கு இட்டுகினு போண்ணா. பொண்ணு இந்துவா மாறிட்டான்னு ஒரு பேப்பர். முருகன் முன்னால தாலி. கையோட ரிஜிஸ்டர். எவனுக்கும் தெரியாது."

அன்று வீட்டில் அவர் இதைச் சொன்னபோது ஜாய் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபதாஸ் பொரிந்து தள்ளினார். "பொய்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு ஒரு கல்யாணமா? அதுக்கு நான் சாட்சியா நிக்கணுமா?" ஜாய் எழுந்து போய்விட்டாள்.

பிறகுதான் ரிஜிஸ்தர் ஆபீசில் விசாரித்தார்கள். அவரவர் மதத்தில் இருந்தபடியே கட்டிக்கொள்ளத் தனிச் சட்டம் இருந்தது. அதற்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆபீஸ் போர்டில் முப்பது நாள் அது தொங்க வேண்டும், தடை தெரிந்தவர்கள் அதற்குள் வந்து சொல்லலாம் என்று கிளார்க் விளக்கியபோது ஜெபதாஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, இது நம்ம ஓலை. அப்படியே எடுத்து வெச்சிருக்கான் சர்க்காரு" என்று மகளிடம் சொன்னார். ஊரறிய நடக்கப் போகும் கல்யாணம். இதில் பொய் இல்லை, ஒளிவு மறைவு இல்லை. தேவ பயமுள்ள சட்டம் ஒன்று நாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

கிளார்க் நம்பிராஜனிடம் நிரந்தர விலாசம் கேட்டார். அவன் சிங்கப்பெருமாள் கோவில் ரூம் விலாசத்தைச் சொல்ல ஆரம்பித்தான்.

"அது வாடகை ரூமு தம்பி" என்று ஜெபதாஸ் குறுக்கிட்டார். "நிரந்தரம்னா சொந்த ஊரு. உள்ளத சொல்லு."

"ஊர் விலாசம் குடுத்தா அந்த மாவட்ட ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும். அங்கயும் ஒட்டுவாங்க" என்றார் கிளார்க்.

"ஒட்டட்டுமே. நாங்க இன்னா திருட்டுக் கல்யாணமா பண்றோம்?"

நம்பிராஜன் ஜாயைப் பார்த்தான். ஜாய் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம். "சொல்லிரு" என்றாள். அவன் ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாவற்றையும் சொன்னான்.

அதன்பிறகு ஜெபதாஸ் வாராந்திர லீவு நாளில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை ஒரு மூலை பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு வந்தார். வீட்டில் அன்னபுஷ்பம்கூட மனசு மாறி, புடவை என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று மகளோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய ஒரு ஞாயிறு, வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்தவர் நம்பிராஜனின் சித்தப்பா உச்சிமாகாளி. வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை. கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது அண்ணாச்சி. நீங்க நேர்மையான ஆளு. ஊரு பேரு, தெரு பேரு, எங்க அண்ணன் பேரு எல்லாம் சுத்தமா எழுதிக் குடுத்திருக்கீய. அங்க ஆபீஸ்ல எவனோ போட்டோ புடிச்சு ஊரு முழுக்க அனுப்பிட்டான். இல்லன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? தடை இருந்தா சொல்லுங்கன்னு சர்க்காரே கேட்டிருக்கு. எங்க குலசாமிக்கு இது ஆகாது. ஆபீஸ்ல நாளைக்கு எழுதிக் குடுப்போம். உங்க கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

வேனுக்குள் இரண்டு பேருக்கு நடுவில் நம்பிராஜன் உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. ஜாய் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவன் தலையைத் தூக்கவில்லை. வேன் நகர்ந்தது. அவள் தெருமுனை வரை ஓடினாள். ஜெபதாஸ் ஜிப்பாவோடு வாசலில் நின்றார்.

ஸ்டேஷனுக்குப் போனார்கள். எஸ்.ஐ. அந்தப் பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "நான் சம்மதிச்சுத்தான் வந்தேன். என்னய யாரும் தேட வேண்டாம்" என்று நம்பிராஜனின் குரல் ஒப்பித்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது நன்றாகவே தெரிந்தது. "மேஜர் பையன், அவனே சொல்றான். நான் எந்தச் சட்டத்துல எடுக்கறது, சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ. எத்தனையோ சட்டம் வைத்திருந்த ஜெபதாஸிடம் அதற்கு ஒன்றுகூட இல்லை.

ரிஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க் இன்னும் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். "சாமிக்கு ஆகாதுங்கறது எல்லாம் சட்டப்படி தடையே இல்ல சார். அந்த மனு நிக்காது. நீங்க பையன இட்டுகினு வாங்க, முடிச்சுடலாம்."

பையன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் அவன் கணக்கை முடித்துவிட்டார்கள். போன் அணைந்தே கிடந்தது. டெனிசன் போதகர் வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் போனார். சபையார் தங்களுக்குள் கர்த்தர் தப்புவித்தார் என்று பேசிக்கொண்டார்கள் என்பது அன்னபுஷ்பம் காதுக்கு வந்தது. அவள் அதை வீட்டில் சொல்லவில்லை.

முப்பது நாள் முடிந்து போர்டிலிருந்து நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஜாய் கிளம்பினாள். ஜெபதாஸும் கூடவே நடந்தார். ஸ்டாப்பில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. பல நாளாக அவர் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அங்கேதான் வெளியே வந்தது.

"அந்த விலாசத்த நான் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதுமா. என் வாயே உன் வாழ்க்கையக் கெடுத்துருச்சு."

ஜாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தாலாவது தாங்கியிருப்பார். அவள் குரலில் அது இல்லை.

"ஒண்ணு கேக்கறேன்பா. அன்னிக்கே வல்லக்கோட்டைல தாலி கட்டிகினு இருந்தா, நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பிள்ளை கொஞ்சம் ஆறுவாள் என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். எவ்வளவு முயன்றும் அந்தப் பொய் அவருக்கு வரவில்லை.

"வந்திருக்க மாட்டேன்மா."

"தெரியும்பா" என்றாள் ஜாய். "நீ வந்து நிக்கணும்னுதான் அந்த முப்பது நாளுக்கு ஒத்துக்கினேன்."