ஆறு வாரப் பழச்சாறு

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். பதினேழாம் எண் பேருந்தில் இருபத்திரண்டு வருடக் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும் கைக்காவது நடுவில் ஓய்வு உண்டு, அந்த நாக்குக்குக் கிடையாது. ஏறுகிறவரிடம் மழையைப் பற்றிப் பேசுவார், இறங்குகிறவரிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் தூங்குவது போலப் பாவனை செய்து தப்பித்துக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமை காலை, மார்க்கெட் நிறுத்தத்தைத் தாண்டியதும், ஒரு பெரியவரின் மூட்டு ஆபரேஷன் கதையை அவர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். ரேடியோ முன்னால் பாய்ந்து விழுந்ததில் சீட்டுக் கம்பியில் தாடை மோதியது. பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இவருக்கு மட்டும் தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நாய் ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். டிப்போவில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு, பல் டாக்டரம்மா அவர் மனைவியிடம் விவரம் சொன்னார். "ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. பால், சூப், ஜூஸ் எல்லாம் நல்லா வடிகட்டி, ஸ்ட்ரா வச்சுக் குடிக்கணும். சக்கை கம்பியில மாட்டிக்கிட்டா புண்ணாயிடும்."

"பேசலாமா டாக்டர்?"

"பேசாம இருந்தா நல்லது."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். குரலில் கவலை இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்த மாதிரி ரேடியோவுக்குப் பட்டது. மறுத்துச் சொல்ல வாய் இல்லை.

மனைவிக்குத் துணி ஆலையில் தையல் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறாகும். முதல் வாரம் விடியற்காலையிலேயே எழுந்து மிக்ஸியைப் போட்டார். ஆப்பிள் ஒரு ஜாடி, ஆரஞ்சு ஒரு ஜாடி என்று சமையல் மேடையில் மூடி வைத்துவிட்டு ஓடுவார். மதியம் ரேடியோ எடுக்கும்போது ஆப்பிள் சாறு ஆறிப்போன டீ நிறத்துக்கு வந்திருக்கும். ஆரஞ்சோ நாக்கில் பட்டதும் கசக்கும். குடிக்க முடியாமல் பாதியைத் தொட்டியில் கொட்டினார். ஒரு வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா ஒரு முடிவெடுத்தார். இரண்டு பை நிறையப் பழம் வாங்கிவந்து, நாள் முழுக்க அரைத்து, வடிகட்டி, ஆறு கண்ணாடி ஜாம் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பினார். மூடியை இறுக்கித் திருகி ஃப்ரீசரில் அடுக்கினார். "ஒரு வாரத்துக்குக் கவலை இல்ல. தினம் ஒண்ணு எடுத்துக் கீழ்த்தட்டுல வச்சா மறுநாளைக்கு இளகிடும்" என்றார்.

திங்கட்கிழமை மதியம் ரேடியோ ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே கொலை நடந்த மாதிரி இருந்தது. நான்கு பாட்டில்கள் விரிசல்விட்டுப் பிளந்திருந்தன. மாதுளைச் சாறு சிவப்புப் பனிக்கட்டியாகப் பிதுங்கி ஐஸ் ட்ரேயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி, வெந்நீர் ஊற்றித் துடைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தப்பிய இரண்டு பாட்டில்களையும் நம்ப முடியாது. அவற்றையும் குப்பையில் போட்டார்.

மாலையில் மனைவி வந்து குப்பைக்கூடையைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து முழுக்க நின்னு செஞ்சேன்."

ரேடியோ அட்டையில் எழுதிக் காட்டினார்: 'யார் உன்னை கழுத்து வரை ஊத்தச் சொன்னது?'

"உங்க வயித்துக்குத்தானே ஊத்தினேன்!"

'தண்ணி உறைஞ்சா பெருசாகும். பள்ளிக்கூடத்துல படிக்கல?'

"படிச்சேன். நீங்களும்தான் படிச்சீங்க. நான் ஊத்தும்போது பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

இதற்கு அவர் கடகடவென்று ஏதோ எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா மை தீர்ந்துபோயிற்று. பேனாவை உதறினார், ஊதினார், சுவரில் கிறுக்கிப் பார்த்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் சண்டையில ஜெயிச்சிருக்கேன். அதுகூட உங்க பேனா தயவு" என்றார்.

மறுநாள் காலை மனைவி எழுந்தபோது ரேடியோ சமையலறையில் இருந்தார். டீ போடுவதற்குக்கூட அதுவரை அந்தப் பக்கம் போகாதவர். மேடையில் புதுப் பேனாவால் எழுதிய அட்டை இருந்தது: 'இனிமே இது என் டியூட்டி.'

கண்டக்டர் வேலையில் இருந்த ஒழுங்கு அவருக்கு அங்கே கைகொடுத்தது. ஆரஞ்சு ஏன் கசக்கிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் பிடித்தது. மனைவி அவசரத்தில் கொட்டையோடும் வெள்ளைத் தோலோடும் மிக்ஸியில் போட்டிருக்கிறார். இவர் பாதியாக வெட்டிக் கையாலேயே பிழிந்தார், கொட்டைகளை உடனே எடுத்துவிட்டார். கசப்பு பெரும்பாலும் போயிற்று. ஆப்பிளை அரைக்கும்போதே அரை மூடி எலுமிச்சை பிழிந்தார், நிறம் நின்றது. கண்ணாடியைக் கைவிட்டு, பிளாஸ்டிக் டப்பாக்களில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றினார். மாத்திரையைப் பொடித்துக் கலக்கிக் குடிக்கக் கொஞ்சமாக வேண்டியதை ஐஸ் ட்ரேயில் கட்டிகளாக உறையவைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டுத்தாளில் பழமும் தேதியும். தர்பூசணி மட்டும் அவரைத் தோற்கடித்துவிட்டது. இளகிய பிறகு மேலே வெறும் தண்ணீர், கீழே சிவப்பு வண்டல். எவ்வளவு குலுக்கினாலும் பழைய ருசி வரவில்லை. அதை அன்றன்றைக்கே குடித்துத் தீர்த்தார்.

ஒரு தடவை இளகின டப்பாவை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார். மனைவி படித்துவிட்டு, "சரிங்க மேனேஜர்" என்றார்.

நான்காவது வாரம் டிரைவர் வந்தார். பதினோரு வருடமாக ஒரே வண்டியில் ஓடியவர்கள், மாப்ளே மாப்ளே என்று உயிராகப் பழகியவர்கள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ரேடியோவுக்கு மனசுக்குள் அந்தக் குறை இருந்தது. இப்போது வாசலில் ஒரு பை மாதுளையோடு நின்றார்.

"இளைச்சுட்டே மாப்ளே" என்றார்.

ரேடியோ தலையசைத்து உள்ளே வரச் சொன்னார். இரண்டு பேரும் சமையல் மேடை ஓரமாக உட்கார்ந்து மாதுளையை உடைத்து முத்துகளை உதிர்க்க ஆரம்பித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் ரேடியோ இதற்குள் டிப்போவில் நடந்தது முழுவதையும் விசாரித்து முடித்திருப்பார், டிரைவர் ம் கொட்டிக்கொண்டே பொழுதைப் போக்கியிருப்பார். இன்று பேச ஆள் இல்லை. மூன்று பழம் உதிர்த்தாயிற்று. நான்காவதைக் கையில் எடுத்த டிரைவர் அதை உடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அன்னிக்கு நாய் எதுவும் வரல."

ரேடியோ நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. ஒரு நொடிதான். முழிச்சுப் பாத்தா எதிர்ல வேன் நிக்குது. மிதிச்சுட்டேன். கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும் காலைல உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. குறட்டை விட்டு, நடுவுல மூச்சே நின்னுபோகுதுன்னு வீட்டுல சொல்றா. நான் கண்டுக்கல. இப்பவும் வண்டி ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன், பயமா இருக்கு."

ரேடியோவின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே கடித்தபடிதான் இருந்தது. வாய் மட்டும் திறந்திருந்தால் அந்த நிமிஷம் என்னென்ன சொல்லியிருப்பாரோ. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். தன் தாடையைவிட, தினமும் அந்த வண்டியில் நின்றுகொண்டு போகும் நாற்பது ஐம்பது பேர் கண்முன் வந்தார்கள். முழங்கால் வலிக்காரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூட்டு ஆபரேஷன் பெரியவர்.

திரும்பி வந்து அட்டையை எடுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் நீட்டிய அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'நாளைக்கு வண்டி எடுக்காதே. நீயே போய் மேனேஜர்கிட்ட சொல்லு. சொல்லலன்னா கம்பி எடுத்த அன்னிக்கு நான் சொல்லுவேன்.'

டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார். "வேலை போயிடுமே மாப்ளே."

ரேடியோ பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து இளகிய திராட்சைச் சாறை எடுத்து, குலுக்கி, இரண்டு டம்ளரில் ஊற்றினார். டிரைவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது தோளில் ஒருமுறை தட்டினார். கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் தட்டினார்.

மறுநாள் டிரைவர் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் கத்தியது டிப்போ வாசல் வரை கேட்டதாம். மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி, பணிமனையில் டயர் பிரிவில் போட்டார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் என்று டாக்டர் கண்டுபிடித்து, மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு கருவி கொடுத்தார். அதை மாட்டினால் யானை மாதிரி இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னாலும், காலையில் ஆள் தெளிவாக எழுந்திருக்க ஆரம்பித்தார்.

ரேடியோவின் கம்பியை ஒரு வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. டாக்டரம்மாவும் மனைவியும் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அவர் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் மனைவியிடம், "வீட்டுக்குப் போனதும் உப்பா எதாவது குடும்மா. இனிப்பைக் கண்ணுல காட்டாதே" என்றார்.

மூன்று மாதம் கழித்து டிரைவர் பரீட்சை ஓட்டம் ஓட்டித் தேறினார். ஆனால் பதினேழாம் எண் வண்டி கிடைக்கவில்லை, ஊரின் மறுபக்கம் போகும் வேறு வண்டி கொடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவது அதோடு நின்றுபோயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் டிப்போ மரத்தடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். முன்னைப்போல் இல்லை. அந்த விஷயத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை, ஆனாலும் ஒருநாள்கூடச் சந்திக்காமல் இருப்பதில்லை.

ரேடியோ இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் பிழிகிறார். அவர் குடிப்பதில்லை, பார்த்தாலே பல் கூசுகிறது என்கிறார். ஆலையில் மதிய வெக்கையில் மனைவிக்கும், அவரோடு தைக்கும் நான்கு பேருக்கும் அது போகிறது. காலையில் உறைந்த டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துப்போனால் மதியத்துக்குள் குளிர் போகாமல் இளகியிருக்கும். போன மாதம் அந்த நான்கு பேரில் ஒருத்தி, இது எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். ரேடியோ ஆரஞ்சுக் கொட்டையில் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்து மனைவி சமையலறைக்குள் தலையை நீட்டி, "விடுங்க, அந்தப் பொண்ணுக்கு வீடு வாசல் இருக்கு" என்றார். அவர் அப்போதுதான் எலுமிச்சைக்கு வந்திருந்தார்.