மார்கழியில் வெடிக்காத ரைஃபிள்

அந்த மார்கழி முழுக்க என் பாயின்ட் டூ டூ ரைஃபிள் காலையில் மட்டும் மக்கர் பண்ணியது. துப்பாக்கி சுடும் கிளப்பில் விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், தோட்டா வெடிக்காது. வெயில் ஏறியதும் ஒழுங்காகச் சுடும். தோட்டா விற்ற கடைக்காரரிடம் போனில் கத்தித் தீர்த்தேன்.

ஒருநாள் விடிகாலை, மயிலாப்பூர் வீட்டில் மனைவி தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டினாள்.

"உறைஞ்சு போச்சு, சுடுதண்ணில வைங்க."

வாங்கிய கை அப்படியே நின்றது. துப்பாக்கி எண்ணெய் தீர்ந்தபோது இதைத்தான் ரைஃபிளுக்குள் விட்டிருந்தேன். தோட்டாவின் விளிம்பை ஓங்கிக் குத்த வேண்டிய ஊசி, உறைந்த எண்ணெயில் சிக்கி வெறுமனே தொட்டுவிட்டு நின்றிருக்கிறது.

கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். மறுநாள் காலை ஐம்பது தோட்டாவும் வெடித்தன. அப்பாடா என்றிருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, தோட்டாவில் குறையில்லை என்றேன்.

"அப்ப இன்னா சார் பிரச்சன?"

"குளிரு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.