விருந்தாளி இறங்காத படிகள்

அந்தச் சின்ன ஹோட்டலில் துணி அறை என்றால் அவள்தான். ஒன்பது வருஷம். விரிப்பில் இருக்கும் கறையைப் பார்த்தே டீயா, பேனா மையா, மூக்குரத்தமா என்று சொல்லிவிடுவாள். அப்புறம் ஒருநாள் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தாள். அத்தோடு இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொல் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளைத் தேடி ஹோட்டலிலிருந்தே ஆள் வந்தது. முதலாளியின் மகள் பொறுப்பேற்றிருந்தாள். வெயிலில் தண்ணீர் காய்ச்சுவது, கிழிந்த விரிப்பை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொடுத்துப் பை தைப்பது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று நான்கு அறை என ஏகப்பட்ட திட்டம். அறை எப்படி இருக்கணும் என்று சொல்ல, நாற்காலியில் இருக்கும் ஆளே வேண்டும். அதற்குக் கூலி வேண்டாம், பழைய வேலை கிடைத்தால் போதும் என்றாள் இவள்.

"துணி ரூம் உங்களுக்குத்தான் அக்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் முதலாளி மகள். மனசாரத்தான் சொன்னாள்.

பதினொரு நாள் இவள் ஆர்க்கிடெக்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். கட்டிலைத் தாழ்த்துங்க, கழிப்பறைக் கைப்பிடியை இப்படித் திருப்புங்க, கண்ணாடியை இறக்குங்க, விரிப்பு தொங்கினால் சக்கரத்தில் மாட்டும். அக்கா சொல்வது நின்றுகொண்டு கேட்டால் புரியாது என்று அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை புருஷன் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலின் புதுச் சரிவில் சக்கரம் முனகாமல் ஏறியது. வரவேற்பறை, நடை, ஒரு திருப்பம். அங்கே நின்றுபோனார்கள். துணி அறை தரைக்குக் கீழே. இறங்க ஏழு படி.

ஒன்பது வருஷம் மூட்டையோடு கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கியது. அவள் நினைப்பில் அந்த வழி சமதரையாகவே இருந்திருக்கிறது. வரைபடத்திலும் அந்தப் படிகள் இல்லை, விருந்தாளி இறங்காத இடம் திட்டத்திலேயே வரவில்லையாம். அறையை மேலே மாற்றலாமே என்றால் காலி இடம் கிடையாது, அடுத்த வருஷம் பார்க்கலாம். சலவைக்காரர், ரெண்டு பேராகத் தினமும் தூக்கி இறக்கிவிடுகிறோம் என்று நல்ல மனதோடுதான் முன்வந்தார்.

"தூக்கிப் போட நான் என்ன அழுக்குத் துணியா அண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. புருஷன்தான் மெல்லக் கேட்டான். "பதினொரு நாள் ஊருக்கெல்லாம் வழி சொன்னியே. இதைச் சொல்ல வாய் வரலையா?"

 முதலாளி மகள் கண் கலங்கிக்கொண்டே, படி ஏறி இறங்கத் தெம்புள்ள, நம்பகமான ஆள் யாராவது தெரியுமா, ஒரு வருஷத்துக்குத்தான், என்றாள்.

வீட்டில் நாத்தனார் வேலையில்லாமல் இருந்தாள். இவள் அவளைச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விரிப்பை மடிப்பதிலிருந்து ஆரம்பித்தாள். முனையோடு முனை, நடுவில் ஒரு தட்டு, அப்புறம் உள்பக்கமாக.

மூன்றாவது தடவையே நாத்தனாருக்குக் கை படிந்துவிட்டது. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. மடித்ததை வாங்கி உதறிப் போட்டு, சரியில்லை, மறுபடி மடி என்றாள்.