கொடியில் காய்ந்த கம்பளிச் சட்டை

இந்தப் பனிநாட்டு மோர்டென்ஸ்ருட்டில் பேத்தி நனைந்த கம்பளிக் கையுறைகளை ஹீட்டரில் காயப்போட்டால், அந்த மணம் என்னைப் பருத்தித்துறையில், இரண்டாம் உலகச் சண்டையில் காணாமல் போன மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விடும். அம்மாவின் தம்பியான அவர் வெள்ளைக்காரரின் குண்டுவீச்சு விமானத்தில் ரேடியோக்காரராக இருந்தவர். ஜெர்மனிக்கு இரவில் போன அந்த விமானம் திரும்பவில்லை. காணவில்லை என்று தந்தி வந்தது. பிறகு பார்சலில் அவர் முகாமில் விட்டுப்போன கம்பளிச் சட்டை வந்தது. மாதாமாதம் மாமி அதை அலசி, எரிக்கும் வெயிலில் கொடியில் போடுவார். சொட்டுகிற தண்ணீருக்குக் காலை நீட்டிக்கொண்டு நான் கீழே இருப்பேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஆச்சி கேட்பார்: "உந்த வெயிலுக்கு ஆரடி பிள்ளை அந்தச் சட்டையைப் போடப்போறது? பொட்டை அழிச்சுப்போட்டு அவருக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்யன்."

"அவர் மேகத்துக்கு மேலை பறக்கிறவர், ஆச்சி. அங்கை சரியான குளிர். காணேல்லை எண்டுதானே எழுதியிருக்கு, செத்தவர் எண்டில்லையே."

மாமி அப்படிச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிரும். எழுபது வயதில் மாமி கண்மூடியபோது, விதவைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையோடு பெண்கள் வந்தார்கள். அவருடைய கல்யாணக் கூறைச்சேலையை எடுத்து நானே உடுத்திவிட்டேன்.